பல்கலாசார நாள் நடத்தப் போகிறவர்களுக்கு: மேடைக்கு முந்திய வேலைகள்

கேட்டவர் திருகோணமலையில் படிக்கும் இரண்டாம் வருட மாணவி. அவருடைய வளாகத்தில் ஆண்டுதோறும் பல்கலாசார நாள் நடக்கிறது. தமிழ் மாணவர் பரதம் ஆடுவார்கள், சிங்கள மாணவர் கண்டிய நடனம் ஆடுவார்கள், முஸ்லிம் மாணவர் இஸ்லாமிய கீதம் பாடுவார்கள். பிறகு அவரவர் தங்கள் கூட்டத்தோடு படம் எடுத்துக்கொண்டு விடுதிக்குப் போய்விடுவார்கள். இந்த முறை பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாட்டு மாணவர் சிலரும் வருகிறார்கள். ஏற்பாட்டுக் குழுவில் இவர் பெயரும் இருக்கிறது. "இந்த முறையாவது ஒருத்தரோட ஒருத்தர் பழகிற மாதிரி எப்படிச் செய்யலாம்?" என்று கேட்கிறார்.

தங்கச்சி, மாணவர் நிகழ்ச்சிகளின் ஏற்பாட்டு வேலையில் பல வருடம் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். குழுவை இனவாரியாகப் பிரிக்காதீர்கள், வேலைவாரியாகப் பிரியுங்கள். நான் சொல்லப்போகும் மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

வழமையாக நடப்பது என்ன? இந்து மன்றத்துக்கு இருபது நிமிடம், முஸ்லிம் மஜ்லிசுக்கு இருபது நிமிடம், பௌத்த சங்கத்துக்கும் கத்தோலிக்க மாணவர் சங்கத்துக்கும் அதே அளவு. ஒவ்வொரு சங்கமும் தன் அறையில் ஒத்திகை பார்க்கும், தன் நேரத்துக்கு மேடையேறும், இறங்கிப் போகும். இந்தச் சங்கங்களுக்கென்று ஏற்கெனவே விழாக்கள் இருக்கின்றன. பொங்கல், வாணி விழா, இப்தார், மீலாத், வெசாக் பக்திகீதம், ஒளி விழா எல்லாம் நன்றாகவே நடக்கின்றன, அவை அப்படியே நடக்க வேண்டும். ஒருவர் தன் வழக்கத்தைத் தன் ஆட்களோடு முழுமையாகக் கொண்டாடுவதில் எந்தக் குறையும் இல்லை. பல்கலாசார நாளும் அவற்றின் சுருக்கமாகவே இருந்தால் அதற்குத் தனியாக ஒரு நாள் எதற்கு?

ஆகவே சாப்பாட்டுக் குழு, மேடைக் குழு, மொழியும் அச்சும் பார்க்கும் குழு, விருந்தினர் குழு, துப்புரவுக் குழு என்று பிரியுங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று சமூகத்தாரும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பொறுப்பாளர், இருவரும் வெவ்வேறு தாய்மொழிக்காரர். கூட்டங்களை எந்த மொழியில் நடத்துவது என்று உடனே கேள்வி வரும். படிப்பு ஆங்கிலத்தில் நடப்பதால் கூட்டமும் ஆங்கிலத்தில் என்று முடிவெடுத்துவிடுவார்கள். அப்படிச் செய்தால் ஆங்கிலம் சரளமாக வரும் நாலைந்து பேர் மட்டுமே பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவரவர் தன் மொழியில் பேசட்டும். இரு மொழியும் தெரிந்த ஒரு பிள்ளை இடையில் சொல்லிக் கொடுக்கட்டும். கிண்ணியாவிலும் மூதூரிலும் கந்தளாயிலும் இருந்து வரும் மாணவரிடையே இரு மொழி தெரிந்தவர்களைத் தேடிப் பாருங்கள். கூட்டம் சற்று நீளும். ஆனால் மூன்றாவது கூட்டத்தில் யார் யாரோ பக்கத்தில் பக்கத்தில் இருப்பதை நீங்களே காண்பீர்கள்.

பழக்கம் வேலையில்தான் வருகிறது. விழாவுக்கு முதல்நாள் இரவு தேங்காய் துருவிக்கொண்டு இருந்த பிள்ளைகள்தான் அடுத்த வருடம் ஒன்றாக பஸ்ஸில் ஊருக்குப் போனதை நான் பார்த்திருக்கிறேன். ஒரே மேடையில் அடுத்தடுத்து ஆடியவர்களிடையே அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி திருகோணமலை மாவட்டத்தில் ஐந்தில் இரண்டு பங்கினர் முஸ்லிம்கள், மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தமிழர், கால் பங்குக்குச் சற்று அதிகமாகச் சிங்களவர். எந்தச் சமூகமும் பாதியைத் தாண்டவில்லை. நாட்டில் இப்படியான மாவட்டங்கள் மிகக் குறைவு. இங்கே "நாங்கள் விருந்தோம்புகிறோம், நீங்கள் விருந்தாளி" என்று எவரும் எவருக்கும் சொல்ல முடியாது. வளாகத்துக்குள்ளும் அந்த நினைப்பு இருக்க வேண்டும்.

அடுத்தது தேதி. தேதியில் பிழை விட்டால் எதையும் பிறகு சரிசெய்ய முடியாது. மாணவர் குழுக்கள் பெரும்பாலும் ஒரு சர்வதேச தினத்தைத் தேடிப் பிடிக்கும். மூன்று தினங்கள் அடிக்கடி பேச்சில் வரும். பெப்ரவரி 21 சர்வதேச தாய்மொழி தினம். 1952இல் டாக்காவில் வங்காள மொழிக்காகப் போராடிய மாணவர் சுட்டுக் கொல்லப்பட்ட நாள் அது. 1999இல் யுனெஸ்கோ அறிவித்து 2000ஆம் ஆண்டிலிருந்து அனுசரிக்கப்படுகிறது. மே 21 கலாசாரப் பன்மைத்துவத்துக்கான உலக தினம், 2002இல் ஐக்கிய நாடுகள் சபை அறிவித்தது. நவம்பர் 17 சர்வதேச மாணவர் தினம், 1939இல் பிராக் நகரில் நாசிகள் மாணவர்மீது நடத்திய கொடுமையின் நினைவு.

திருகோணமலையில் நவம்பர் 17 என்றால் வாடைக்கால மழை. திறந்தவெளியில் பந்தல் போட்டால் நனைந்து முடியும். மே 21 வெசாக்கோடு நெருங்கி வரலாம். அதோடு அந்தக் காலத்தில் கச்சான் காற்றும் தொடங்கிவிடும். நிலாவெளிப் பக்கம் மத்தியானத்துக்குப் பிறகு அந்த வறண்ட காற்று எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பேனர் கிழியும், காஸ் அடுப்பின் சுவாலை சாயும், ஒலிவாங்கியில் காற்றுச் சத்தம்தான் கேட்கும். பெப்ரவரி 21 காலநிலைக்கு அருமையான நாள். ஆனால் ரமழான் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னே வருகிறது. 2026இலும் 2027இலும் பெப்ரவரி 21 நோன்புக்குள் விழுகிறது. மகா சிவராத்திரியும் அந்தப் பக்கத்திலேயே வரும், கோணேசர் கோயிலுக்கு ஊரே திரளும். எனவே தினத்தின் பெயருக்காகத் தேதியை வளைக்க வேண்டாம். ஏப்ரல் புத்தாண்டுக்கு முன்னுள்ள வாரங்களில் நோன்பு, பெருநாள், பௌர்ணமி, பரீட்சை எதுவும் இல்லாத ஒரு புதன் அல்லது வியாழனைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை வேண்டாம். ஜும்ஆவுக்காக நடுப்பகலில் இரண்டு மணிநேரம் நிறுத்த வேண்டிவரும். அன்று மரக்கறி மட்டும் சாப்பிடும் இந்து மாணவர்களும் நிறையப் பேர்.

இரவு நிகழ்ச்சியாகவும் வைக்காதீர்கள். விடுதி வாசல் மூடும் நேரம், கடைசி பஸ், வீட்டுக் கட்டுப்பாடு என்று பெண் பிள்ளைகளில் பாதிப்பேர் ஏழு மணிக்கு எழும்பிப் போய்விடுவார்கள். காலை ஒன்பதுக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடியுங்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மனம் நோகும் இடமும் மனம் சேரும் இடமும் இதுதான்.

எல்லாரும் செய்வது விற்பனைக் கடைகள். ஒரு கடையில் பிட்டும் சொதியும், ஒரு கடையில் வட்டிலாப்பம், ஒரு கடையில் கிரிபத்தும் கொக்கிஸும். காசு கொடுத்து வாங்கி, தன் நண்பரோடு நின்று சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். என்னைக் கேட்டால் விற்பனையை விட்டுவிடுங்கள். இந்த மண்ணில் எல்லாச் சமூகத்துக்கும் முகம் தெரியாதவருக்குச் சோறு போடும் வழக்கம் இருக்கிறது. கோயிலில் அன்னதானம், வெசாக்கில் தன்சல், தேவாலயத் திருநாளில் விருந்து, முஸ்லிம்களிடம் நோன்புக் கஞ்சி. இறைநேசர் நினைவாகச் சோறு கொடுக்கும் கந்தூரியும் உண்டு, ஆனால் அது எல்லா முஸ்லிம்களுக்கும் உடன்பாடானது இல்லை, ஆகவே அந்தப் பெயரை மேடையில் எடுக்காமல் விடுவது நல்லது. இந்த வழக்கங்களை எடுத்துக்கொண்டு ஒரே பந்தல், ஒரே வரிசை, எல்லாருக்கும் இலவசம் என்று வையுங்கள். பரிமாறுகிறவர்கள் கலந்து நிற்கட்டும். பீடாதிபதியும் வெளிநாட்டு மாணவரும் முதல் வருடப் பிள்ளையும் அதே வரிசையில் வரட்டும். பிரமுகர்களுக்குத் தனி அறையில் தனிச் சாப்பாடு வேண்டாம். இதில் நீங்கள் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் வீண்.

முதன்மைச் சாப்பாடு மரக்கறியாக இருக்கட்டும். ஹலால் பற்றியும் மாட்டிறைச்சி பற்றியும் எந்தச் சட்டியில் எது காய்ச்சினோம் என்பது பற்றியும் ஒருவருக்கும் சந்தேகம் வராது. முஸ்லிம் மாணவர் முறையில் சஹனில் பரிமாறிப் பாருங்கள். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்து சாப்பிடுவது அது. விருப்பம் இல்லாதவர்களுக்குத் தனித் தட்டு பக்கத்திலேயே இருக்க வேண்டும். கையால் சாப்பிடத் தெரியாத வெளிநாட்டுப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருப்பவர் காட்டிக் கொடுப்பார். பேச்சு அங்கேயே தொடங்கும்.

இனிப்புப் பண்டங்கள் வீடுகளில் இருந்து வரட்டும். வட்டிலாப்பம், தொதல், பாசிப்பயற்றம் பணியாரம், கொண்டைப் பணியாரம், அஸ்மி, ஒல்லாந்தர் வழி வந்ததாகச் சொல்லப்படும் கொக்கிஸ், பறங்கியர் வீட்டு லவ் கேக். ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு அட்டை வேண்டும், மூன்று மொழியிலும். பெயர் மட்டும் போதாது, உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதுங்கள். வட்டிலாப்பத்தில் முட்டை இருப்பது தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, பிறகு அறிந்து அழுத ஒரு சைவப் பிள்ளையை எனக்குத் தெரியும். கொடுத்த பிள்ளை அதைவிட அதிகமாக அழுதாள். இருவரிலும் பிழை இல்லை. ஒரு சின்ன அட்டை இருந்திருந்தால் போதும். சம்பலில் மாசிக் கருவாடு இருக்கிறதா, கேக்கில் முந்திரி இருக்கிறதா, ஜெலியில் போட்ட ஜெலற்றின் எதில் இருந்து எடுத்தது, பால் உண்டா என்று அட்டையில் வர வேண்டும். சிலருக்கு இது நோன்பும் ஆசாரமும், சிலருக்கு ஒவ்வாமை. இரண்டும் ஒரே அளவு முக்கியம்.

எங்கள் வெயிலில் தேங்காய்ப்பால் சேர்ந்த எதுவும் சீக்கிரம் புளிக்கும். கிரிபத்தும் சொதியும் பரிமாறும் நேரத்துக்கு அண்மித்துத்தான் தயாராக வேண்டும், விடியற்காலை செய்து மூடி வைக்கக் கூடாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு ஒரு வாரம் முந்தியே சொல்லிவிடுங்கள். அகப்பை ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வெவ்வேறாக இருக்கட்டும்.

மேடையில் மொழி என்ன செய்வது? அரசியலமைப்பில் சிங்களமும் தமிழும் அரசகரும மொழிகள், ஆங்கிலம் இணைப்பு மொழி. 1987இல் வந்த 13ஆவது திருத்தம் தமிழுக்கு அந்த இடத்தைத் தந்தது. இதை மனதில் வைத்து எல்லா அறிவிப்பையும் மூன்று தடவை சொல்வார்கள். ஒரு மணிநேர நிகழ்ச்சி இரண்டு மணிநேரம் ஆகும். தன் மொழி முடிந்ததும் சபையில் அந்தப் பகுதி பேசத் தொடங்கிவிடும்.

இதற்கு ஒரு நல்ல முன்மாதிரி நம் நாட்டிலேயே இருக்கிறது. 1911இல் காலியில் கண்டெடுத்து இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்தது, 1409ஆம் ஆண்டுத் தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகிறது, தமிழ்ப் பகுதி தெவிநுவரைத் தெய்வமான தெனாவரை நாயனாரைப் போற்றுகிறது, பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகிறது. காணிக்கைப் பட்டியல் மூன்றிலும் பெரும்பாலும் ஒரே மாதிரி. ஒவ்வொரு மொழிக்காரரிடமும் அவருக்குரியதைச் சொல்லி, கொடுத்ததில் மட்டும் பேதம் காட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

உங்கள் அறிவிப்பாளர்களும் அப்படிச் செய்யலாம். மூன்று பேர் மேடையில் நிற்கட்டும். ஒருவர் சொன்னதை மற்றவர் திருப்பிச் சொல்ல வேண்டாம், தொடர்ந்து பேசட்டும். தமிழில் ஒருவர் கோலாட்டத்தின் கதையைத் தொடங்கினால், சிங்களத்தில் அடுத்தவர் தன் ஊரில் அது எப்படி என்று சொல்லட்டும். சாரத்தை மூன்று மொழியிலும் அச்சடித்து ஒரு தாளாகக் கையில் கொடுத்துவிடுங்கள். திரை இருந்தால் அதில் போடுங்கள். பாதுகாப்பு, சாப்பாட்டு நேரம், தொழுகை அறை எங்கே என்பது போன்ற தேவையான அறிவிப்புகள் மட்டும் மூன்றிலும் வரட்டும்.

பேனரில் தமிழ் பிழையாக வருவது இந்த நாட்டின் தீராத மனத்தாங்கல். அதே பிழையைச் சிங்களத்திலும் நாம் விடக்கூடாது. ஒவ்வொரு மொழியையும் அந்த மொழிப் பிள்ளை ஒருவர் அச்சுக்குப் போகும் முன் கடைசியாகப் பார்க்க வேண்டும். யூனிகோட் எழுத்தில் தட்டச்சு செய்து பிடிஎப் ஆக்கியே கடைக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் வெறும் எழுத்தாக அனுப்பினால் கடைக்காரரின் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறலாம். மூன்று மொழி எழுத்தும் ஒரே அளவில் இருக்க வேண்டும். விருந்தினரின் பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டுத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதிக்கொள்ளுங்கள். பிழையாகக் கூப்பிடப்பட்டவர் சிரித்துக்கொண்டுதான் மேடைக்கு வருவார், ஆனால் அது அவர் மனதில் நிற்கும்.

தேசிய கீதம் பாடுவதானால் எந்த மொழியில் என்பதைக் குழுவிலேயே பேசி முடித்துவிடுங்கள். மேடையில் வைத்து ஒருவருக்கொருவர் முகம் பார்க்கக் கூடாது. பண்டிதர் மு. நல்லதம்பி மொழிபெயர்த்த தமிழ்ப் பாடம் அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலேயே இருக்கிறது. 2016ஆம் ஆண்டுச் சுதந்திர தின விழாவில் தமிழிலும் பாடப்பட்டது. இரண்டையும் பாடுங்கள், இரண்டையும் எல்லாரும் சேர்ந்து பாடுங்கள். மெட்டு ஒன்றுதான், ஒருவர் மொழியை மற்றவர் பழகிக்கொள்ள ஒரு பின்னேரம் போதும்.

மங்கள விளக்கையும் யோசியுங்கள். விளக்கேற்ற மனம் ஒப்பாத முஸ்லிம் மாணவரையும் விருந்தினரையும் சபைமுன் அழைத்து இக்கட்டில் விடக்கூடாது. முன்கூட்டியே கேளுங்கள். விரும்புகிறவர் ஏற்றட்டும், விரும்பாதவர் நாடாவை வெட்டட்டும் அல்லது மரக்கன்று நடட்டும்.

நிகழ்ச்சிகளைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து இருக்கிறது. ஒரு சமூகம், ஒரு நடனம் என்ற முறையை விட்டுவிட்டு, எல்லாரிடமும் இருக்கும் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கோல் ஆட்டம் நல்ல உதாரணம். தமிழரிடம் கோலாட்டமும் மட்டக்களப்புப் பக்கத்து வசந்தனும் இருக்கின்றன. கிழக்கு முஸ்லிம்களிடம் பொல்லடி இருக்கிறது, களிகம்பு என்றும் சொல்வார்கள். சிங்களவரிடம் லீ கெளி இருக்கிறது. மூன்றிலும் வட்டமாக நின்று கோலோடு கோல் அடிப்பதுதான் அடிப்படை. தாளம் வேறு, அடி வேறு, பாட்டு வேறு. மூன்று அணியும் தனித்தனியே ஐந்து நிமிடம் ஆடிவிட்டு, கடைசியில் ஒரே வட்டமாக நின்று ஒருவர் தாளத்துக்கு மற்றவர் ஆடட்டும். ஒத்திகையின் முதல் நாளில் கோல் விரலில் படும், தாளம் பிந்தும். லீ கெளி ஆடும் பிள்ளை பொல்லடியின் வேகத்தைப் பிடிக்க மற்றவரின் காலைப் பார்க்க வேண்டியிருக்கும். நான் முதலில் சொன்ன கலப்பு வேலை இங்கே மேடையிலேயே தெரியும். ரபான் என்ற தோல் வாத்தியமும் அப்படியே. புத்தாண்டுக்குச் சிங்களப் பெண்கள் சுற்றியிருந்து அடிக்கும் பெரிய ரபானும், பக்கீர்கள் பைத் என்னும் இஸ்லாமியப் பாட்டைப் பாடும்போது கையில் பிடிக்கும் ரபானும் ஒரே மேடையில் வந்தால் சபையே நிமிர்ந்து உட்காரும். ஒரு பறையையும் உடுக்கையும் பக்கத்தில் வைத்தால் இன்னும் நல்லது.

சில விடயங்கள் மேடைக்குரியவை அல்ல. காவடியை நேர்த்திக்கடனாக எடுப்பவர்கள் இருக்கும் ஊரில் அதை ஐந்து நிமிட நடனமாக்க வேண்டாம். கண்டிய நடனத்தின் வெஸ் தலையணியும் சமயச் சடங்கோடு வந்தது, அதை வாடகைக்கு எடுத்து எவர் தலையிலும் வைக்கக் கூடாது. ஒருவர் வழக்கத்தில் எது கும்பிடும் பொருள், எது பார்க்கும் பொருள் என்பதை அந்த ஆட்களிடமே கேட்க வேண்டும். கேட்டால் மகிழ்ச்சியோடு சொல்வார்கள். அப்படிக் கேட்பதற்கே இந்த நாள் என்று நினைக்கிறேன்.

வெளிநாட்டு மாணவருக்கு வருவோம். அவர்களுக்கு மாலை போட்டு முன்வரிசைச் சோபாவில் இருத்துவதும், "உங்கள் நாட்டு நடனம் ஒன்று ஆடுங்கள்" என்று கேட்பதும் எங்கள் பழக்கம். கணக்கியல் படிக்க வந்த பிள்ளைக்கு நடனம் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தன் நாட்டின் தூதுவராக நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

அமெரிக்காவில் சர்வதேச மாணவர் இல்லங்கள் உருவான கதை இங்கே உதவும். 1909இல் நியூயோர்க்கின் கொலம்பியா பல்கலைக்கழக நூலகப் படிகளில் ஹரி எட்மண்ட்ஸ் என்பவர் எதிரே வந்த ஒரு சீன மாணவருக்குக் காலை வணக்கம் சொன்னார். நியூயோர்க் வந்து மூன்று வாரமாகிறது, தன்னோடு வலிய வந்து பேசிய முதல் ஆள் நீங்கள்தான் என்று அந்த மாணவர் பதில் சொன்னாராம். எட்மண்ட்ஸும் மனைவியும் வெளிநாட்டு மாணவரை ஞாயிறு இரவுச் சாப்பாட்டுக்குத் தங்கள் வீட்டுக்கு அழைக்கத் தொடங்கினார்கள். அது வளர்ந்து 1924இல் நியூயோர்க்கில் சர்வதேச இல்லம் திறக்கப்பட்டது, 1930இல் பேர்க்லியில் இன்னொன்று. இவ்வளவும் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தொடங்கியது. மேடை நிகழ்ச்சிகளெல்லாம் பிறகு வந்தவை.

எனவே ஒவ்வொரு வெளிநாட்டு மாணவருக்கும் இரண்டு துணைப் பிள்ளைகளை விழாவுக்கு இரண்டு வாரம் முந்தியே சேர்த்துவிடுங்கள், இருவரும் வெவ்வேறு சமூகத்தவர். தம்பலகாமத்திலோ கிண்ணியாவிலோ கந்தளாயிலோ உள்ள ஒரு பிள்ளையின் வீட்டுக்கு ஒரு ஞாயிறு மத்தியானம் கூட்டிப்போகட்டும். மாணவர் ஆலோசகருக்கு எழுத்தில் அறிவித்துவிட்டே போக வேண்டும், வீசா விடயத்தில் வளாகத்துக்குப் பொறுப்பு இருக்கிறது. விழா நாளில் அந்த விருந்தினருக்கும் ஒரு வேலை கொடுங்கள். அகப்பை பிடிக்கட்டும், அட்டை எழுதட்டும், கதிரை தூக்கட்டும். அவர் விரும்பினால் தன் ஊர்ச் சாப்பாடு ஒன்றைச் சமைக்கட்டும், விரும்பாவிட்டால் விடுங்கள்.

புத்தர் சிலைக்கு முதுகு காட்டிப் படம் எடுக்கக் கூடாது, கோயிலிலும் பள்ளிவாசலிலும் எங்கே செருப்பைக் கழற்றுவது, என்ன உடுப்பது என்பவற்றை நட்பாக முதலிலேயே சொல்லிக் கொடுங்கள். தவறு நடந்த பிறகு திட்டுவது விருந்தோம்பல் ஆகாது.

நேரம் இருந்தால் விழாவுக்கு முந்திய நாள் காலை ஒரு பஸ்ஸில் ஊர் பார்க்கப் போங்கள். திருகோணமலைக்காரர் பலரும் பார்க்காத இடம் ஒன்றைச் சொல்கிறேன். நகரத்தின் வடமேற்கே பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வெல்கம் விகாரை இருக்கிறது. சோழர் காலத்தில் அது இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரோடு இருந்தது. பௌத்தப் பள்ளிக்கு விளக்கும் பசுவும் தானம் கொடுத்த செய்திகள் அங்கே தமிழ்க் கல்வெட்டுகளில் உள்ளன. தமிழரின் பௌத்தம் என்று கேட்டாலே வியக்கும் தமிழ் மாணவரும், விகாரையில் தமிழ்க் கல்வெட்டா என்று கேட்கும் சிங்கள மாணவரும் அந்தக் கல்லுக்கு முன்னால் ஒன்றாக நிற்கட்டும். நீங்கள் விளக்கவுரை ஒன்றும் ஆற்ற வேண்டியதில்லை, எழுத்தை வாசிக்கத் தெரிந்த ஒருவர் கூட இருந்தால் போதும். கோணேசர் கோயிலும் பிரெட்ரிக் கோட்டையும் எப்படியும் பார்ப்பீர்கள். போர்த்துக்கேயர் இடித்த கோயிலின் கற்களால் எழும்பிய கோட்டை, பிறகு ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் கைகளில் மாறிய கதை எல்லாருக்கும் தெரியும் என்று நினைக்காதீர்கள். வெளி மாவட்டப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

பாலையூற்றுப் பறங்கியரை மறக்க வேண்டாம். போர்த்துக்கேய வழிவந்த கலப்பு மொழியை இன்னும் பேசும் குடும்பங்கள் இலங்கையில் மட்டக்களப்பிலும் திருகோணமலையிலும்தான் முக்கியமாக இருக்கின்றன. மூத்தவர்கள் கஃப்ரிஞ்ஞா என்னும் தங்கள் ஆட்ட இசையை வாசித்தால் மண்டபத்தில் ஒருவரும் இருக்கையில் இருக்க மாட்டார்கள். மூதூர், வெருகல் பக்கத்துக் கரையோர வேடர் சமூகத்தையும் அழைக்கலாம், ஆனால் வில்லும் அம்பும் தந்து வேடமிட்டு நிறுத்துவதற்காக அழைக்க வேண்டாம். அவர்களில் படித்த இளையவர் ஒருவர் தங்கள் நிலம், கடல், காடு பற்றிப் பேச முன்வந்தால் அரைமணிநேரம் கொடுங்கள்.

முதல் வருடப் பிள்ளைகள் விடயத்தில் கடுமையாகவே சொல்கிறேன். "ஜூனியர் எல்லாரும் ஆட வேண்டும், வராதவன் பேரைக் குறித்துக்கொள்" என்ற கட்டளையில் ஒரு கலாசாரமும் இல்லை. கல்வி நிறுவனங்களில் பகிடிவதையைத் தடைசெய்யும் 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. கட்டாயப்படுத்தி மேடையேற்றுவது அதன் எல்லைக்குள் வந்துவிடலாம். மேடைக்குப் பயந்த பிள்ளைக்குச் செய்ய ஆயிரம் வேலை இருக்கிறது. பெண் பிள்ளைகளின் படங்களை முகநூலில் போடும் முன் அவர்களிடம் கேளுங்கள். கேட்காமல் போட்ட ஒரு படத்தால் அடுத்த வருடம் ஒரு சமூகத்துப் பெண்கள் எவருமே பங்குபற்றாத நிலைமை ஒரு வளாகத்தில் வந்தது.

காசு, அனுமதி இரண்டும் உங்கள் உதவிப் பதிவாளர் காரியாலயம் சொல்வது போலத்தான். அனுசரணை வாங்கினால் அவர்களுடைய பேனர் மூன்று மொழியை மறைக்காத இடத்தில் தொங்கட்டும். ஒரு தரப்பின் அரசியல்வாதியைப் பிரதம விருந்தினராக அழைப்பதைத் தவிருங்கள், யாராக இருந்தாலும் மற்ற இரு தரப்பும் பின்வரிசைக்குப் போய்விடும். ஓய்வுபெற்ற ஒரு ஆசிரியையை, தாதியை, மீனவர் சங்கத்து முதியவரை அழையுங்கள்.

விழா முடிந்த வாரத்திலேயே துப்புரவுக் குழு உட்பட எல்லாரும் ஒருமுறை கூடி, அடுத்த குழுவுக்கு ஒரு கோப்பு எழுதி வையுங்கள். எங்கள் வளாகங்களில் ஒவ்வொரு வருடமும் புதிதாகத் தொடங்கி, அதே பிழைகளோடு முடிவதற்குக் காரணம் இந்தக் கோப்பு இல்லாததுதான். தேதியை ஏன் தேர்ந்தீர்கள், எத்தனை பேருக்குச் சமைத்தீர்கள், எது மிஞ்சியது, எது முதலில் முடிந்தது, எந்தச் சவுண்ட்ஸ்காரர் நேரத்துக்கு வந்தார், யாரிடம் கோல்களும் ரபானும் இரவல் வாங்கினீர்கள், யார் மனம் நொந்தார்கள், எதனால் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதுங்கள். மூன்று மொழியிலும் ஒவ்வொரு பிரதி எடுத்து, ஒன்றை மாணவர் நலன்புரிப் பிரிவிலும் ஒன்றை நூலகத்திலும் கொடுத்து, மற்றதை அடுத்த வருடம் குழுவுக்கு வரக்கூடிய ஒரு முதல் வருடப் பிள்ளையின் கையில் ஒப்படையுங்கள்.